எதிரெதிரே வரும் ரயில் வண்டிகள்: கணக்கும் அதனைக் கற்பிக்கும் முறையும்

எட்டாம் வகுப்பு முதல் போட்டித் தேர்வு வரையில் மாணாக்கரை விடாது தொடரும் கணக்குகளுள் ஒன்று, எதிரெதிரே வரும் இரண்டு ரயில் வண்டிகள் எப்போது, எங்கே சந்திக்கும் என்பது. இக்கணக்கு கடினமானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் இதில் ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலும் தவிர வேறொன்றுமில்லை. கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், சூத்திரம் முன்னும் பொருள் பின்னுமாகக் கற்பிக்கப்படுவதே. "எதிர்த் திசையாயின் வேகங்களைக் கூட்டு, ஒரே திசையாயின் கழி" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்த மாணவன், அடுத்த வாரம் போய்த் திரும்பும் பயணக் கணக்கைக் கண்டால் அங்கும் வேகங்களைக் கூட்டிவிடுகிறான். போகும்போது ஒரு வண்டி, வரும்போது எதிர்த் திசையில் ஒரு வண்டி என்று அவன் கருதுவதில் வியப்பில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவே.

இவ்விதி ரயில் வண்டியைவிட மிகவும் பழமையானது. இந்தியாவில் பயணிகளுக்கான முதல் ரயில் வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்குச் சென்றது. அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 499-ஐத் தம் காலக் குறிப்பாகத் தரும் ஆரியபடர், தமது ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் 31-ஆம் செய்யுளில் இதனைக் கூறிவிட்டார். எதிர்த் திசைகளில் செல்லும் இரு பொருள்களின் இடைத்தூரத்தை அவற்றின் கதிகளின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்வனவற்றின் இடைத்தூரத்தைக் கதிகளின் வேறுபாட்டாலும் வகுத்தால், அவை சந்தித்த அல்லது சந்திக்கப் போகும் காலம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. வானநூலாருக்குக் கோள்கள் ஒன்றையொன்று எப்போது கூடும் என்று அறிய இவ்விதி தேவைப்பட்டது. கி.பி. 629-இல் ஆரியபடீயத்திற்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் அந்நூலின் விதிகளை எடுத்துக்காட்டுக் கணக்குகளோடு விளக்கினார். ஆகவே வகுப்பில் இக்கணக்கைத் தொடங்கும் ஆசிரியர், மேல்நாட்டுப் பாடநூலிலிருந்து வந்த செயற்கையான புதிர் இது என்று கருத வேண்டுவதில்லை.

இடைவெளியே கணக்கின் உயிர்

மாணாக்கர் இரு வண்டிகளையும் தனித்தனியே மனக்கண்ணால் பின்தொடர முயல்கின்றனர். ஒன்று இவ்வளவு தூரம் வந்தது, மற்றொன்று அவ்வளவு தூரம் வந்தது என்று இரண்டு நினைவுகளை ஒருங்கே சுமப்பதால் குழப்பம் உண்டாகிறது. ஆசிரியர் அவர்களுடைய பார்வையை வண்டிகளினின்றும் விலக்கி, வண்டிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியின்மீது நிறுத்துவாராயின் பாதிச் சுமை நீங்கும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டா. பள்ளி மைதானம் போதும். ஒரு நேர்கோடு வரைந்து, இரு மாணவரை ஐம்பது அடி வைப்புத் தொலைவில் எதிரெதிரே நிறுத்துக. ஆசிரியர் ஒருமுறை கைதட்டினால் முதல் மாணவன் இரண்டு அடி வைப்பான்; இரண்டாமவன் மூன்று அடி வைப்பான். ஏனைய மாணாக்கர் ஒவ்வொரு கைதட்டலுக்குப் பின்னும் இடைவெளியை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும்: ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பத்தைந்து. நான்காவது தட்டலுக்குள்ளாகவே வகுப்பில் எவனாவது ஒருவன், "பத்துத் தட்டலில் முட்டிக்கொள்வார்கள்" என்று கூறிவிடுவான். அவ்விடத்தில் ஆசிரியர் நிறுத்தி, "ஐந்து ஐந்தாக ஏன் குறைகிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டும் மூன்றும் ஐந்து என்ற விடை வரும்போது, வேகங்களைக் கூட்டும் விதியை மாணாக்கர் தாமே கண்டவராவர். பிறகு அதே இருவரையும் ஒரே திசையில், மூன்று அடி வைப்பவனைப் பின்னால் நிறுத்தி நடக்கச் செய்தால், இடைவெளி ஒவ்வோர் அடியாகக் குறைவதைக் காண்பர். கழித்தலும் அவ்வாறே தெளிவாகும்.

இனி ரயிலுக்கு வரலாம். மும்பையின் பழைய போரிபந்தர் முனைக்கும் தாணாவுக்கும் தொலைவு 34 கிலோமீட்டர். இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இரு வண்டிகள் புறப்படுகின்றன. மும்பையிலிருந்து வருவது மணிக்கு 40 கிலோமீட்டரும், தாணாவிலிருந்து வருவது நின்று நின்று சராசரியாக மணிக்கு 28 கிலோமீட்டரும் செல்வதாகக் கொள்க. இடைவெளி மணிக்கு 68 கிலோமீட்டர் வீதம் சுருங்குகிறது. 34-ஐ 68-ஆல் வகுக்க அரை மணி. அந்த அரை மணியில் முதல் வண்டி 20 கிலோமீட்டரும் மற்றது 14 கிலோமீட்டரும் வந்திருக்கும். சந்திப்பு காட்கோபருக்கு அருகே நிகழும். 20-உம் 14-உம் சேர்ந்து 34 ஆகிறதா என்று பார்ப்பதே இக்கணக்கின் சோதனை. இச்சோதனையை ஒவ்வொரு முறையும் எழுதச் செய்யும் பழக்கம், பின்னால் வரும் பிழைகளில் பாதியை மாணவனே கண்டுகொள்ள உதவும்.

வேகங்கள் சமமாயின் கணக்கே வேண்டா. சந்திப்பு நடுவழியில் நேரும். 1969-இல் ஹௌராவுக்கும் புது டில்லிக்கும் இடையே முதல் ராஜதானி விரைவு வண்டி ஓடத் தொடங்கியபோது, ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர்த் தொலைவைப் பதினேழு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடந்தது. ஒத்த வேகமுள்ள இரு வண்டிகள் இரு முனைகளிலிருந்தும் ஒரே வேளையில் புறப்பட்டால், எட்டரை மணி கழித்து 725-ஆவது கிலோமீட்டரில், அதாவது மிர்சாப்பூர் அருகே, ஒன்றையொன்று கடக்கும். தேசப்படத்தில் அவ்விடத்தை மாணாக்கரே கண்டுபிடிக்கட்டும். பூகோளப் பாடத்திற்கும் அது துணையாகும்.

புறப்படும் நேரம் வேறுபடும்போது

பிழை மிகுதியாக நேருமிடம் இதுவே. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. பெங்களூரிலிருந்து 7-30 மணிக்கு மற்றொன்று மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அவை எப்போது சந்திக்கும்?

மாணவன் உடனே 360-ஐ 135-ஆல் வகுத்து 2 மணி 40 நிமிடம் என்பான். எந்நேரத்திலிருந்து என்று கேட்டால் விழிப்பான். சிலர் 6 மணியோடு கூட்டுவர். சிலர் 7-30-ஓடு கூட்டுவர். இவ்விரண்டும் தவறென்று ஆசிரியர் அறிவிப்பதைவிட, சோதனைக்கு உட்படுத்துவதே மேல். 8-40 மணிக்கு முதல் வண்டி 160 கிலோமீட்டர் வந்திருக்கும். இரண்டாவது 70 நிமிடத்தில் 87½ கிலோமீட்டர் வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 247½. இன்னும் 112½ கிலோமீட்டர் இடைவெளி எஞ்சியிருக்கிறது. சந்திப்பு எங்கே?

இடைவெளியைப் பின்பற்றினால் வழி தானே திறக்கும். 6 மணி முதல் 7-30 வரை ஒரு வண்டி மட்டுமே அதனைச் சுருக்குகிறது. அந்த ஒன்றரை மணியில் 90 கிலோமீட்டர் குறைந்து 270 எஞ்சும். 7-30-க்குப் பிறகே இரண்டும் சேர்ந்து மணிக்கு 135 வீதம் சுருக்குகின்றன. ஆகவே இரண்டு மணி நேரம், சந்திப்பு 9-30-க்கு. சென்னையிலிருந்து 210 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 150 கிலோமீட்டர். ஜோலார்பேட்டை அங்கே அருகில் உள்ளது.

வேகங்களைக் கூட்ட வேண்டியது, இரு வண்டிகளும் ஒருங்கே ஓடும் நேரத்திற்கு மட்டுமே. இவ்வொரு வாக்கியம் விதியோடு சேர்த்துச் சொல்லப்படாமையால் எத்தனையோ மதிப்பெண்கள் வீணாகின்றன.

வண்டிக்கு நீளம் உண்டு

சந்திக்கும் கணக்கில் வண்டி ஒரு புள்ளியாகக் கருதப்படுகிறது. கடக்கும் கணக்கில் அவ்வாறு கருத இயலாது. 24 பெட்டிகள் கொண்ட நெடுந்தூர வண்டி இஞ்சினோடு ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ளது. அடுத்த பாதையில் எதிரே வரும் சரக்கு வண்டி 660 மீட்டர் எனக் கொள்க. பயணி வண்டியின் வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், சரக்கு வண்டியின் வேகம் 54. முதலில் இவற்றை வினாடிக்கு மீட்டராக மாற்ற வேண்டும். ஒரு மணியில் 3,600 வினாடிகளும் ஒரு கிலோமீட்டரில் 1,000 மீட்டரும் இருப்பதால் 5/18-ஆல் பெருக்குதல் போதும். 30 மீட்டரும் 15 மீட்டரும் கிடைக்கும்.

இஞ்சின்கள் நேருக்கு நேர் வந்த கணம் முதல் கடைசிப் பெட்டிகள் பிரியும் கணம் வரை 1,260 மீட்டரை வினாடிக்கு 45 மீட்டர் வீதம் கடக்க வேண்டும்: 28 வினாடி. ஆனால் பயணி வண்டியின் சாளரத்தருகே அமர்ந்திருப்பவர் தம் முன்னே சரக்கு வண்டி ஓடி மறைவதைக் காணும் நேரம் அதுவன்று. அவருக்குச் சரக்கு வண்டியின் நீளம் மட்டுமே கணக்கு: 660-ஐ 45-ஆல் வகுக்க, ஏறத்தாழ 14⅔ வினாடி. பிளாட்பாரத்தில் அசையாது நிற்பவருக்கோ அதே சரக்கு வண்டி கடந்து செல்ல 44 வினாடி ஆகும். ஒரே வண்டி, மூன்று விடைகள், மூன்றும் சரியானவை. யார் பார்க்கிறார் என்பதைக் கூறாத வினாத்தாளைக் கண்டால் ஆசிரியர் அதனைத் திருத்திக் கொள்வதே நன்று. சார்பு வேகம் என்ற பௌதிகக் கருத்தின் தொடக்கம் இவ்விடத்தில் இருப்பதால், இதற்கு ஒரு முழு வகுப்பைச் செலவிட்டாலும் தவறில்லை.

ஒற்றைப் பாதையில் இக்கணக்கு

பாடநூலில் இரு வண்டிகள் சந்தித்தவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒற்றை இருப்புப் பாதையில் அவ்வாறு சந்தித்தால் விபத்து. ஆகவே அங்கு வினா மாறுகிறது. கணக்கு சொல்லும் இடத்தில் சந்திக்கக் கூடாது. துணைப் பாதை உள்ள ஒரு நிலையத்திலேயே சந்திக்க வேண்டும். எந்த நிலையம்? யார் காத்திருப்பது?

60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாதையில், மேற்கு முனையிலிருந்து 14, 30, 44 ஆகிய கிலோமீட்டர்களில் நிலையங்கள் உள்ளதாகக் கொள்க. காலை 8 மணிக்கு மேற்கு முனையிலிருந்து பயணி வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலும், கிழக்கு முனையிலிருந்து சரக்கு வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திலும் புறப்பட ஆயத்தமாக உள்ளன. 60-ஐ 100-ஆல் வகுக்க 36 நிமிடம். சந்திப்பு 36-ஆவது கிலோமீட்டரில். அங்கு நிலையம் இல்லை. 30-இல் ஒன்று, 44-இல் ஒன்று.

பயணி வண்டியை 30-ஆவது கிலோமீட்டர் நிலையத்தில் நிறுத்தினால், அது 8-30-க்கு அங்கு வந்து சேரும். சரக்கு வண்டி 30 கிலோமீட்டரைக் கடந்து 8-45-க்கு வரும். பயணிகளுக்குப் பதினைந்து நிமிடத் தாமதம். மாறாகச் சரக்கு வண்டியை 44-ஆவது கிலோமீட்டரில் ஒதுக்கினால், அது 8-24-க்கு அங்கு வந்து, பயணி வண்டி 8-44-க்குக் கடக்கும் வரை இருபது நிமிடம் நிற்கும். வெறும் நிமிடக் கணக்கில் முதல் ஏற்பாடே சிக்கனமானது. எனினும் சரக்கு வண்டியை நிறுத்துவதே பெரும்பாலும் பொருத்தமாகும். நூற்றுக்கணக்கானோரின் பதினைந்து நிமிடம், நிலக்கரியின் இருபது நிமிடத்தைவிடப் பெரிது. அந்நிலக்கரிக்காக ஓர் அனல் மின்நிலையம் காத்திருக்குமாயின் முடிவு மாறவும் கூடும். கணக்கு தேர்வுகளை எடுத்துக் காட்டும். தேர்ந்தெடுப்பது கட்டுப்பாட்டு அலுவலரின் பொறுப்பு.

கூர்ந்து நோக்குவோர்க்கு இதில் ஓர் எளிய உண்மை தென்படும். சந்திப்புப் புள்ளியிலிருந்து நிலையம் எவ்வளவு தொலைவோ, அத்தொலைவை இரு வண்டிகளும் கடக்கும் நேரங்களின் கூட்டுத்தொகையே காத்திருக்கும் நேரம். 6 கிலோமீட்டருக்கு 6 நிமிடமும் 9 நிமிடமும் சேர்ந்து 15. 8 கிலோமீட்டருக்கு 8-உம் 12-உம் சேர்ந்து 20. ஆகவே நிலையங்கள் நெருக்கமாக இருந்தால் தாமதம் குறையும். ஒற்றைப் பாதையில் புதிய கடக்கும் நிலையம் ஒன்று கட்டும்போது பெறப்படும் பயன் இதுவே.

ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் இக்கணக்கை எண்களால் செய்வதில்லை; கோடுகளால் செய்கின்றனர். கட்டமிட்ட தாளில் குறுக்கே நேரமும், நெடுக்கே நிலையங்களும் குறிக்கப்படும். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. விரைவு வண்டியின் கோடு செங்குத்தாகவும், மெதுவான வண்டியின் கோடு படுத்தும் இருக்கும். நிற்கும் வண்டி கிடைக்கோடாகும். எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் வெட்டும் இடம் சந்திப்பு. அவ்வெட்டு நிலையக் கோட்டின்மீது விழும்படி கோடுகளை நகர்த்துவதே கால அட்டவணை வகுப்போரின் வேலை. இத்தகைய வரைபடங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் வழக்கத்திலிருந்தன. இப்போது பல இடங்களில் கணிப்பொறித் திரை தாளுக்குப் பதிலாக வந்துவிட்டது, கோடுகள் மாறவில்லை. மேற்கண்ட 60 கிலோமீட்டர்க் கணக்கை மாணாக்கர் ஒருமுறை வரைபடத் தாளில் வரைந்து பார்த்தால், இருபடிச் சமன்பாடு வரை வரும் வரைபட முறைக்கு அடித்தளம் இட்டதாகும்.

கட்டுப்பாட்டு அறையின் கணக்கு பிழைத்தாலும் வண்டிகள் மோதாதிருக்க வேண்டும். அதற்கென வந்ததே டோக்கன் முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கருவியிலிருந்து உலோகப் பந்து ஒன்று வெளியே எடுக்கப்பட்டால், அது ஏதேனும் ஒரு கருவியில் திரும்ப இடப்படும் வரை இரண்டிலிருந்தும் வேறொரு பந்து வெளிவராது. பந்து கையில் இல்லாத டிரைவர் வண்டியை அப்பகுதிக்குள் செலுத்த அதிகாரம் பெற்றவரல்லர். எனவே ஒரு பகுதியில் ஒரே காலத்தில் ஒரு வண்டிக்கு மேல் இருத்தல் கூடாது. கணிதச் சொற்களில் கூறினால், சந்திப்புச் சமன்பாட்டிற்கு அப்பகுதிக்குள் விடையே இல்லாமற் செய்துவிடும் சாதனம் அது.

விடை இருந்துவிட்டால் நேருவது என்ன? எதிரெதிரே ஒரே பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரு வண்டிகளுக்கு இடையே 2 கிலோமீட்டர் இருக்கும்போது, மோதலுக்கு எஞ்சிய நேரம் 36 வினாடி. அவ்வேகத்தில் ஓடும் நீண்ட வண்டி ஒன்று அவசரத் தடையிட்டு நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். ஆகவே இருவரும் ஒரே கணத்தில் கண்டு, ஒரே கணத்தில் தடையிட்டால் மட்டுமே தப்பலாம். வளைவோ மூடுபனியோ இருளோ இருந்தால் அதுவும் இல்லை. 1999-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் அதிகாலையில் மேற்கு வங்காளத்தின் கைசால் நிலையத்தில் அவத் அஸ்ஸாம் விரைவு வண்டியும் பிரம்மபுத்திரா மெயிலும் ஒரே பாதையில் நேருக்கு நேர் மோதியதில் 285-க்குக் குறையாதோர் மாண்டனர்.

இவ்வாறான மோதலைத் தவிர்க்க உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 'கவச்' என்னும் தானியங்கிப் பாதுகாப்பு முறை, 2022 மார்ச் 4-ஆம் நாள் தென் மத்திய ரயில்வேயில் குல்லகூடா, சிட்கிட்டா நிலையங்களுக்கிடையே சோதித்துக் காட்டப்பட்டது. ஒரே பாதையில் எதிரெதிரே செலுத்தப்பட்ட இஞ்சின்களுள் ஒன்று மற்றதற்கு 380 மீட்டர் முன்பாகத் தானே நின்றது. இரு இஞ்சின்களும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றி ஓடினால் 380 மீட்டர் என்பது பதினொன்றரை வினாடிக்கும் குறைவான நேரம் என்பதை மாணாக்கர் தாமே கணித்துப் பார்க்கலாம்.

நடந்து செல்பவர் சந்திக்கும் ரயில்

இரட்டைப் பாதையில் ஒரு வண்டி தடம் புரண்டு, பெட்டிகள் அடுத்த பாதையை மறித்துவிட்டன எனக் கொள்க. அப்பாதையில் எதிரே வரும் வண்டியை நிறுத்த வேண்டும். இஞ்சினின் மின்னும் எச்சரிக்கை விளக்கை உடனே எரியவிடுவது விதி. அதனோடு, பணியாளர் ஒருவர் தண்டவாளத்தின்மேல் டெட்டனேட்டர் எனப்படும் ஒலிவெடிகளைப் பொருத்த முன்னோக்கிச் செல்ல வேண்டும். அகலப் பாதையில் தடையிலிருந்து 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைக்கப்பட வேண்டும்.

அவர் புறப்படும் வேளையில் எதிர் வண்டி 10.6 கிலோமீட்டர் தொலைவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அவர் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், இடைவெளி மணிக்கு 106 கிலோமீட்டர் வீதம் சுருங்கும். பத்தில் ஒரு மணி, அதாவது 6 நிமிடத்தில் வண்டி அவரைக் கடந்துவிடும். அப்போது அவர் சென்றிருப்பது 600 மீட்டர் மட்டுமே. வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டும். இருப்பது 600 மீட்டர்.

அவர் ஓடினால்? மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் எனில் கூட்டு வேகம் 112. சந்திக்கும் நேரம் 5 நிமிடம் 41 வினாடி. நேரத்தில் பத்தொன்பது வினாடியே வேறுபாடு. ஆனால் சந்திக்கும் இடமோ தடையிலிருந்து ஏறத்தாழ 1,135 மீட்டர். வண்டி நிற்க இடம் உண்டு.

இவ்வேறுபாடு ஆழ்ந்து கற்பிக்கத் தக்கது. சந்திக்கும் நேரத்தை நிர்ணயிப்பது வேகங்களின் கூட்டுத்தொகை. அதில் ரயிலின் பங்கே பெரிது. மனிதன் எவ்வளவு விரைந்தாலும் அது பெரிதும் மாறாது. சந்திக்கும் இடத்தை நிர்ணயிப்பது வேகங்களின் விகிதம்; அங்கே மனிதனின் ஒவ்வோர் அடியும் கணக்கில் ஏறுகிறது. புறப்படுவதில் ஒரு நிமிடம் தாமதித்தால் வண்டி 1⅔ கிலோமீட்டர் நெருங்கிவிடும் என்பதையும் இதே எண்களைக் கொண்டு காட்டலாம். களப் பணியாளர் பயிற்சி வகுப்புகளில் விதியை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், கரும்பலகையில் இக்கணக்கைச் செய்து காட்டினால் 600, 1,200 என்ற எண்கள் பொருளுடையனவாகும்.

இரு பயிற்சிகள்

திப்ருகட்டிலிருந்து கன்னியாகுமரி செல்லும் விவேக் விரைவு வண்டி 2011-இல் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர்த் தொலைவு. அத்தகைய பாதையில் ஒவ்வொரு நாளும் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு வண்டி புறப்படுவதாகவும், ஒரே சீரான வேகத்தில் பயணம் 75 மணி நேரம் ஆவதாகவும் கொள்க. ஒரு வண்டியில் செல்பவர் எதிர்த் திசை வண்டிகள் எத்தனையைச் சந்திப்பார்? நாளொன்றுக்கு ஒன்று, ஆகவே மூன்று அல்லது நான்கு என்ற விடையே பெரும்பாலும் வரும். அவர் புறப்படும்போதே வழியில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை மறப்பதால் நேரும் பிழை இது. அவருக்கு 72, 48, 24 மணி நேரம் முன் புறப்பட்டவை மூன்று, உடன் புறப்பட்டது ஒன்று, 24, 48, 72 மணி நேரம் பின் புறப்படுவன மூன்று, ஆக ஏழு. முதலாவதை ஒன்றரை மணியில் சந்திப்பார். பிறகு பன்னிரண்டு மணிக்கு ஒன்றாகச் சந்திப்பார். வழியில் ஒரு நிலையத்தில் நிற்பவர் அதே வண்டிகளை இருபத்துநான்கு மணிக்கு ஒன்றாகக் காண்பார். இதனை நேர–தூர வரைபடத்தில் வரைந்தால் ஒரு கோடு ஏழு கோடுகளை வெட்டுவது கண்கூடாகத் தெரியும்.

மற்றொன்று, ஆற்றல் மிக்க மாணாக்கர்க்கு உரியது. இரு நகரங்களிலிருந்து ஒரே வேளையில் எதிரெதிரே புறப்பட்ட இரு வண்டிகள் வழியில் சந்திக்கின்றன. சந்தித்த பின், ஒன்று 9 மணி நேரத்திலும் மற்றது 4 மணி நேரத்திலும் தத்தம் இடம் சேர்கின்றன. தொலைவும் தரப்படவில்லை, வேகமும் தரப்படவில்லை. சந்திக்கும் வரை ஆன நேரம் என்ன? விரைந்த வண்டி சந்திப்பு வரை வந்த தூரத்தையே மெதுவான வண்டி 9 மணியில் கடக்கிறது. மெதுவான வண்டி சந்திப்பு வரை வந்த தூரத்தை விரைந்தது 4 மணியில் கடக்கிறது. ஆகவே சந்திக்க ஆன நேரத்திற்கும் 9-க்கும் உள்ள விகிதம், 4-க்கும் அந்நேரத்திற்கும் உள்ள விகிதமே. அந்நேரத்தின் வர்க்கம் 36. நேரம் 6 மணி. வேகங்களின் விகிதம் 2-க்கு 3. நகரங்களுக்கிடையே தொலைவு 450 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டால், வேகங்கள் மணிக்கு 30-உம் 45-உம் என்று கண்டு, 180-உம் 270-உம் சேர்ந்து 450 ஆவதை மாணவனே சோதித்துக் கொள்வான்.